விளக்கும் வேதனமும்

ஆண்டுதோறும் இரண்டாந் தவணையில், ஒன்பதாந் தர மாணவர்க்கு ‘நான் என்னவாக விரும்புகிறேன்’ என்னுந் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதக் கொடுப்பது தமிழாசிரியர் பலரின் வழக்கம். எனது வழக்கமும் அதுவே. தெல்தெனியவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் சிறு கடைத்தெருக்களிலிருந்தும் வருகின்ற பெண்பிள்ளைகளிற் பாதிப்பேராவது தாதியாக விரும்புவதாகவே எழுதுவர். மற்றையோர் ஆசிரியை ஆவர். ஒருத்தி மட்டும் ஒருமுறை பேருந்து ஓட்ட விரும்புவதாக எழுதினாள். வகுப்பு முழுவதும் சிரித்தது.

தாதியாக விரும்பும் பிள்ளைகளின் கட்டுரைகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். வெள்ளை உடை வரும். விளக்கேந்திய மங்கை வருவாள். தன்னலமற்ற தொண்டு, தாயினுஞ் சாலப் பரிவு, உருகியொளி தரும் மெழுகுவர்த்தி ஆகியன வரும். வேதனம் எவ்வளவு என்பது வராது. இரவு வேலை வராது. எத்தனை ஆண்டு பயில வேண்டும், எங்கே பயில வேண்டும், அதற்கு எந்தப் பாடங்களிற் சித்தியடைய வேண்டும் என்பன வரவே மாட்டா. இத்தனை ஆண்டுகளாக அந்த மெழுகுவர்த்தியின் அடியிற் சிவப்பு மையாற் கோடிட்டு ‘நன்று’ என்று எழுதி வந்தவர்களில் நானும் ஒருவன். இக்கட்டுரை, முதலில் அந்தச் சிவப்பு மையைப் பற்றியது. பின்னரே திரைப்படங்களையும் கதைகளையும் பற்றியது.

கலையும் இலக்கியமும் வாழ்க்கையைப் பிரதிபலிக்கின்றன என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். ஒரு கண்ணாடி எதைக் காட்டுகிறது என்று பார்ப்பதோடு, அதன் சட்டத்திற்கு வெளியே எதைத் தள்ளிவிட்டது என்றும் பார்த்தாலன்றி அந்தப் பேச்சு நிறைவுபெறாது. தாதியைப் பொறுத்தவரை, தமிழ்க் கலையுலகம் தள்ளிவிட்டது அவளுடைய தொழிலையே ஆகும்.

ஏ. பீம்சிங் இயக்கிய ‘பாலும் பழமும்’ 1961 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பாடல்களை இன்றும் கண்டி–மகியங்கனை வழிப் பேருந்துகளிற் கேட்கலாம். தமிழர் மனத்தில் தாதியின் உருவத்தை இவ்வளவு ஆழமாகப் பதித்த படைப்பு வேறொன்று இல்லையெனலாம். சரோஜாதேவி நடித்த சாந்தி ஒரு தாதி. புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்ட மருத்துவர் இரவியாகச் சிவாஜி கணேசன். தாதி மருத்துவரின் மனைவியாகிறாள். அவளைக் காசநோய் பற்றுகிறது. தன்னைப் பராமரிப்பதிற் கணவனின் ஆராய்ச்சி தடைப்படுகிறதே என்று வருந்தி வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அவள் இறந்துவிட்டதாக நம்பிய கணவன் மறுமணம் புரிகிறான். பின்னர் பார்வையை இழக்கிறான். அவள் நீலா என்னும் வேறு பெயரில் அவனுக்கே தாதியாகத் திரும்பி வருகிறாள்.

நடிப்பின் சிறப்பை நான் மறுக்கவில்லை. என் தாயார் அப்படத்தை எத்தனை முறை பார்த்தாலும் அழுவார். அருகிலிருந்து நானும் அழுதிருக்கிறேன். ஆயினும் கண்ணைத் துடைத்தபின் சில வினாக்கள் எஞ்சுகின்றன. இப்படத்திலே தாதித் தொழில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? மருத்துவமனையிலே அவளுடைய திறமை மருத்துவரின் கண்ணிற்படும் தகுதியாகிறது. அத்தகுதி திருமணத்திற்கு வழியாகிறது. அதன்பின் அவள் செய்யும் பணிவிடையெல்லாம் மனைவியின் பணிவிடையே. இறுதியில் மீண்டும் தாதி உடை அணிகையிலும் அது ஒரு மாறுவேடம். உள்ளே இருப்பவள் பத்தினி. தாதித் தொழில் இல்லறத்தின் முன்னறையாகவும் பின்னறையாகவும் அமைகிறதேயன்றி, தனக்கென ஓர் அறையைப் பெறவில்லை. சாந்தி எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தாள், எத்தனை நோயாளரைப் பார்த்தாள், மாதமுடிவில் என்ன பெற்றாள் என்பன கதைக்குத் தேவைப்படவில்லை. கதைக்குத் தேவைப்படாதவை பார்வையாளருக்கும் தேவையற்றனவாகின்றன. பார்வையாளரின் மகள் ஒன்பதாந் தரத்திற் கட்டுரை எழுதுகையில் அவளுக்கும் அவை தோன்றா.

இதற்கு ஈராண்டு முன்னர், 1959 இல், வங்காளத்திலே அசித் சென் ‘தீப் ஜ்வேலே ஜாய்’ என்னும் படத்தை எடுத்தார். அசுதோஷ் முகோபாத்யாயாவின் ‘நர்ஸ் மித்ரா’ என்ற சிறுகதை அதற்கு மூலம். சுசித்ரா சென் தாதி ராதாவாக நடித்தார். அதே கதையை அவரே இந்தியில் 1969 இல் ‘காமோஷி’ என எடுத்தபோது வகீதா ரகுமான் தாதியானார். காதலில் ஏமாந்து மனம் பேதலித்த ஆடவரைக் குணப்படுத்த, அவர்களிடம் அன்பு கொண்டவள்போல் நடிக்கும்படி ஒரு தாதி பணிக்கப்படுகிறாள். அவள் அதனை நடிக்க முடியாதவளாகிறாள். உண்மையாகவே அன்பு கொள்கிறாள். குணமடைந்தவன் போய்விடுகிறான். இரண்டாம் முறையும் அவ்வாறே நிகழ, இறுதியில் அவளே அந்த மனநோய் மருத்துவமனையின் நோயாளியாகிறாள்.

இங்கேயும் காதல்தான், இங்கேயும் வேதனச்சீட்டைக் காணோம். எனினும் வங்கக் கதை ஒரு படி மேலே செல்கிறது. தாதியின் பரிவு ஊற்றுநீர் போல எவ்வளவு இறைத்தாலும் சுரந்துகொண்டேயிருக்கும் என்ற நம்பிக்கையை அது உடைக்கிறது. பரிவும் உழைப்பே, அது செலவாகும், செலவானதை ஈடுசெய்யாவிட்டால் உழைப்பவள் முறிந்துபோவாள். இந்த உண்மையை ஒரு பெண்ணின் சிதைவு வழியாக அது சொல்லியது. தமிழ்ப்படம் தாதியைத் தெய்வமாக்கி அனுப்பிவிட்ட காலத்தில், வங்கக் கதை அவளை மனிதப் பிறவியாக நோயாளிக் கட்டிலிற் படுக்க வைத்தது.

தாதியைத் தொழிலாளியாகக் காண்பதற்கு நாம் மலையாளத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 2014 இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போரிடையே சிக்கி மீண்ட 46 இந்தியத் தாதியரின் நிகழ்ச்சியைத் தழுவி 2017 இல் ‘டேக் ஆஃப்’ வந்தது. பார்வதி நடித்த சமீரா ஏன் ஈராக்குக்குப் போகிறாள்? தொண்டு செய்யவா? கடனடைக்கப் போகிறாள். அந்த ஒரு சொல் திரையில் ஒலித்தபோது என் நெஞ்சில் ஏதோ அசைந்தது. கடனுள்ள தாதி! தமிழ்த் திரையில் அவளை நான் கண்டதில்லை. படத்தின் பிற்பகுதி அரசின் மீட்புச் சாகசமாக மாறிவிடுவது வேறு குறை. தாதியர் ஏன் போர் நடக்கும் நாட்டுக்குப் போகும்படி தாயகத்தில் அவ்வளவு குறைந்த ஊதியம் பெற்றனர் என்ற முதல் வினாவை விமானத்தின் இரைச்சல் மூடிவிடுகிறது.

இத்தனைக்கும் மூலமாக நாம் காட்டும் ‘விளக்கேந்திய மங்கை’ யார்? புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1854 இல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். அவர் கையில் விளக்கிருந்தது மெய். அந்த விளக்கைக் காவியப் பொருளாக்கியவர் அமெரிக்கக் கவிஞர் லோங்பெலோ. ஆனால் மற்றக் கையில் இருந்த கணக்குப் புத்தகத்தைக் கவிஞர்கள் பாடவில்லை. காயத்தால் இறந்த படைவீரரிலும் நோயாலும் அசுத்தத்தாலும் இறந்தவரே பன்மடங்கு அதிகம் என்பதை எண்களாலும் வரைபடங்களாலும் அவர் ஆட்சியாளருக்கு நிறுவிக் காட்டினார். 1860 இல் இலண்டன் செயின்ற் தோமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் அமைந்த பள்ளி, தாதித் தொழிலைப் பயிற்சியும் ஊதியமுமுள்ள தொழிலாக்கியது. தொண்டு மனம் கொண்ட சீமாட்டிகளின் பொழுதுபோக்காகவும், வேறு பிழைப்பில்லாதவரின் இழிவேலையாகவும் கிடந்த ஒன்றைக் கல்வியின் மேல் நிறுத்தியதே அவர் செய்த பெருங்காரியம். நமது பாடநூலும் மேடையும் விளக்கை எடுத்துக்கொண்டு கணக்கை எறிந்துவிட்டன. கணிதமும் விஞ்ஞானமும் தெரிந்த பெண்ணை வெறும் கருணைச் சிலையாக்கிவிட்டோம்.

சொல்லிலேயே ஒரு சிக்கலிருக்கிறது. இலங்கையில் நாம் ஆளும் ‘தாதி’ என்பதற்குத் தமிழ் அகராதி வளர்ப்புத்தாய் என்றும் பணிப்பெண், அடிமைப்பெண் என்றும் பொருள் தருகிறது. தமிழகத்தார் ‘செவிலி’ என்பர். அது சங்க அகப்பாடல்களில் வரும் வளர்ப்புத்தாய். உடன்போன மகளைத் தேடிப் பாலைவழியில் நடந்து கால் ஓய்ந்து நிற்கும் ஒரு செவிலியைக் குறுந்தொகையில் வெள்ளிவீதியார் காட்டுகிறார். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்துப் பேருந்துக்கு நிற்கும் தாதியரைக் காணும்போது எனக்கு அப்பாட்டின் கால்கள் நினைவுக்கு வரும். ஆயினும் தாய், அடிமை என்னும் இரண்டுக்கும் ஊதியம் கிடையாது என்பதை மறக்கலாகாது. எங்கள் பக்கத்துச் சாதாரண மக்கள் சிங்களவரும் தமிழருமாக ‘மிஸ்ஸி’ என்றே அழைக்கிறார்கள். பண்டிதர்கள் முகஞ்சுளிப்பர். எனக்கோ, தாயும் அடிமையும் ஆகாத ஒரு பெண்ணுக்கு இருமொழி மக்களும் கூடித் தந்த பெயராக அது தோன்றுகிறது.

இனித் தெல்தெனியவுக்கு வருவோம். பழைய ஊர் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கிறது. 1985 இல் அணை நிறைவெய்தியது. கோடையில் நீர் வற்றினால் பழைய கட்டடங்கள் தலைகாட்டும். பார்க்க மக்கள் திரள்வர். மேட்டிலே அமைந்த புது ஊருக்கு ஒரு வைத்தியசாலை உண்டு. றங்களை, ஹுன்னஸ்கிரிய முதலிய மலைப்பக்கங்களிலிருந்து வரும் தோட்ட மக்களும் தும்பறைச் சிங்கள விவசாயிகளும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் இடங்கள் இத்தகைய வைத்தியசாலைகள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே மிக நல்ல கட்டுரை எழுதியவள் ஒருத்தி. மலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். தாய் கொழுந்து பறிப்பவர். அவள் கட்டுரையில் மெழுகுவர்த்தி இல்லை. பாட்டி மூச்சுத்திணறியபோது தோட்டத்து லொறியில் ஏற்றிவந்ததையும், வைத்தியசாலை மிஸ்ஸி ஒருவர் கிழவியின் நாடியைப் பிடித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்ததையும், அவர் எதை எண்ணுகிறார் என்று தான் வியந்ததையும் எழுதியிருந்தாள். எதை எண்ணுகிறார் என்று அறிய விரும்பிய அந்த மனமே தாதிக்குரிய மனம். நான் அதைப் பள்ளி மண்டபத்தில் வாசிக்கச் செய்தேன். மாலை அணிவிக்காத குறையாகப் பாராட்டினோம்.

சாதாரண தரத்தில் அவள் விஞ்ஞானம் உட்பட நன்றாகச் சித்தியடைந்தாள். அரச தாதியர் பயிற்சிக்குச் செல்ல உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களிற் சித்தி வேண்டும். அதன்பின் மூன்றாண்டுப் பயிற்சி. பயிலும்போதே உதவிப்பணமும் உண்டு. ஏழைக் குடும்பத்துக்கு இதனிலும் ஏற்ற வழி வேறில்லை. ஆனால் தமிழ்மொழியில் உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் உயர்தரத்தில் கற்பிக்கும் வகுப்பு அவளுக்கு எட்டிய தூரத்தில் இல்லை. தோட்டத்திலிருந்து தெல்தெனியவுக்கு ஒரு பேருந்து. அங்கிருந்து கண்டிக்கு இன்னொன்று. அதற்கு மேல் டியூஷன் கட்டணம். தங்கிப் படிக்க உறவினர் இல்லை. கலைப்பிரிவிற் சேர்ந்தாள். அவளுக்குத் தமிழ் இலக்கியம் கற்பித்தவன் நானே. செவிலி கூற்றையும் நானே விளக்கினேன். கலைப்பிரிவில் எத்துணை உயர்ந்த பெறுபேறு பெற்றாலும் அந்தக் கதவு அவளுக்குத் திறக்காது என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவனும் நானே. இன்று அவள் மேற்காசிய நாடொன்றில் ஒரு வீட்டுப் பணிப்பெண். அவ்வீட்டுக் கிழவியைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, இரவில் விழித்திருப்பது அவளுடைய வேலை. அகராதி ‘தாதி’க்குக் கூறும் பழைய பொருள் முழுவதும் அவளுக்குப் பொருந்திவிட்டது.

இதனை ஒருத்தியின் தலைவிதி என்று தள்ளிவிட முடியாது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அரச உத்தியோகம் குடியுரிமை உள்ளவருக்கு. தாதித் தொழில் அரச உத்தியோகம். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது. 1945 இல் வந்த இலவசக் கல்வியும் தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது எழுபதுகளிலேதான் தொடங்கியது. மருத்துவமோ 1912 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி தோட்டத்துரையின் கடமையாக விடப்பட்டது. டிஸ்பென்சரியும், மருத்துவப் பட்டம் பெறாத ‘டாக்டரையா’வும், மருத்துவிச்சியும், பிள்ளைக்காம்பராவின் ஆயம்மாவுமே ஒரு நூற்றாண்டுக் காலம் தோட்டத்தின் சுகாதாரம். ஆகவே தாயைப் பார்த்து மகள் கற்கும் தொழில்களில் தாதித் தொழில் அங்கே இருந்ததேயில்லை. கேரளத்தில் மிஷன் மருத்துவமனைகளிற் பயின்ற ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டியது. தும்பறை மலையிலே வழிகாட்ட அந்த முதல் தலைமுறை உருவாக விடப்படவில்லை.

இதன் விளைவை வைத்தியசாலைக் கட்டிலருகே காணலாம். சிங்களம் அறியாத தோட்டத்துக் கிழவி; தமிழ் அறியாத தாதி; நடுவே மொழிபெயர்ப்பவள் பள்ளிக்கு மட்டம்போட்டு வந்த பேத்தி. பாட்டியின் மலசலம் பற்றியும் கருப்பை பற்றியும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதைக் கேட்பாள், எதை விழுங்குவாள்? 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. கட்டிலருகே அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை. நேர்மைக்காக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ‘எங்க நோகுது’, ‘சாப்பிட்டதா’ என்று உடைந்த தமிழிற் கேட்டுக் கேட்டே வேலை செய்யும் சிங்களத் தாதியர் பலரை நான் கண்டிருக்கிறேன். அவர்களும் வயலிலிருந்து வந்த ஏழை விவசாயிகளின் பெண்களே. மேலதிக நேர வேலையால் அவர்கள் காலும் வீங்குகிறது. தமிழ்த் தாதியர் வேண்டும் என்று நாம் கேட்பதை அவர்கள்மீது கொண்ட பகையாகத் திரிப்பவர் இரு பக்கத்திலும் உண்டு, அவர்களுக்கு இடங்கொடுக்கலாகாது.

தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க முடியாததாலா வகுப்பு இல்லை? 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ போன்ற நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே உடலியலையும் அறுவை மருத்துவத்தையும் தாங்கிய மொழி நம்முடையது. மொழிக்குத் திராணி உண்டு. இல்லாதது ஆசிரியர் நியமனமும் ஆய்வுகூடமும். தமிழின் தொன்மையை மேடையில் முழங்கும் நம்மவர்கள் ஒரு பௌதிகவியல் ஆசிரியருக்காக ஒரு மனுவேனும் எழுதியதுண்டா? நானும் முழங்கியவனே, எழுதாதவனே.

நண்பரொருவர் இதை வாசித்துவிட்டு, தியாகமே இல்லையென்கிறீரா, கொரோனாக் காலத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் தாதியர் ஆண்டாக அறிவித்திருந்த 2020 ஆம் ஆண்டிலேயே கொள்ளைநோய் வந்தது. உலகில் 59 இலட்சம் தாதியர் பற்றாக்குறை என்று அந்நிறுவனத்தின் அறிக்கை அதே ஆண்டு கூறிற்று. பிரித்தானியாவில் மக்கள் வாசலில் நின்று கைதட்டினர். 2022 டிசம்பரில் அதே தாதியர், தமது சங்கத்தின் நூற்றாண்டு கடந்த வரலாற்றிலே முதன்முறையாகத் தேசமளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கைதட்டலை வீட்டு வாடகைக்குக் கொடுக்க முடியவில்லை. இங்கோ, அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர் ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாமென்று அரசே சுற்றறிக்கை விட்டது. தியாகம் உண்டு, ஐயா. அதைப் பாடுபவர்கள் யார், அதனால் மிச்சம் பிடிப்பவர்கள் யார் என்பதே என் வினா.

மலையக இலக்கியம் கொழுந்துக் கூடையையும் லயத்தையும் நமக்குக் காட்டியது. சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ ஆகியவற்றுக்கு நாம் கடன்பட்டவர்கள். லயத்திலிருந்து கிளம்பி வாட்டுக்குள் நுழைந்த பெண்ணின் கதை, அல்லது நுழைய முயன்று திரும்பியவளின் கதை, என் வாசிப்பில் இன்னும் கிடைக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு உப்புநீர்க் குழாயைச் சரிசெய்யும் அவளுடைய கையையும், விடுதியிலிருந்து தாய்க்கு அனுப்பும் பணத்தையும், ‘ஆண்களைத் தொடுகிற வேலையா’ என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் கேள்வியையும் ஒருவர் எழுதினால், அதை என் வகுப்பிற் பாடமாகவே வைப்பேன்.

இவ்வாண்டு கட்டுரைத் தலைப்பை மாற்றினேன். ‘நான் விரும்பும் தொழிலுக்குச் செல்லும் வழி’ என்று கொடுத்து, விசாரித்து எழுத ஒரு வாரம் தந்தேன். தாதியாக விரும்பிய பிள்ளைகளில் நால்வர் தெல்தெனிய வைத்தியசாலைக்குப் போய் மிஸ்ஸிமாரிடமே கேட்டு வந்திருந்தனர். கட்டுரைகள் முன்னையவற்றைப் போல அழகாக இல்லை. பாடங்களின் பெயர்கள், பயிற்சிக் காலம், பேருந்து நேரம், கட்டணம் என்று கடைச்சிட்டை போலிருந்தன. ஒருத்தி மட்டும் இறுதியில், உயர்தர விஞ்ஞான வகுப்பு நம் பக்கத்துக்கு எப்போது வரும் என்று கேட்டு, பதிலுக்காக அரைப்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அந்தக் கொப்பி இன்னும் என் மேசையில் இருக்கிறது. வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதும் மனுவில் அவளுடைய கேள்வியையே முதல் வரியாக எழுதியிருக்கிறேன். கையொப்பமிடப் பெற்றோரை வரும் போயா தினத்திற்கு அழைத்திருக்கிறோம். அன்று தோட்டத்திலும் வேலை இல்லை.